பதில் சொல்லாத இசைத்தட்டு: ஜாஸ் கற்பித்தல் குறித்துச் சில விவாதக் குறிப்புகள்

1

பிள்ளைகளுக்கு ஜாஸ் இசையை எப்படிச் சொல்லிக்கொடுப்பது? இந்தக் கேள்விக்கு இன்றைக்கு எல்லோர் கையிலும் ஒரு தயார் பதில் இருக்கிறது. சுரக்குறிப்பை மூடி வை. இலக்கணத்தை ஓரங்கட்டு. பிள்ளைகளை வட்டமாக உட்காரவை. தோன்றியதை வாசிக்கட்டும், அனுபவத்தைப் பகிர்ந்துகொள்ளட்டும். ஜாஸ் என்றால் சுதந்திரம், சுதந்திரத்தைப் பாடமாக நடத்த முடியாது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதே வாசகங்களை மாற்றுக் கல்வி பேசுகிற தோழர்களும் சொல்கிறார்கள், கம்பெனி மேலாளர்களுக்குப் பயிற்சி வகுப்பு எடுக்கிறவர்களும் சொல்கிறார்கள். ஊழியர்கள் ஒரு ஜாஸ் குழுவைப் போல இயங்க வேண்டும் என்பது மேலாண்மை இயல் எழுத்துக்களில் பல ஆண்டுகளாகப் புழங்கிவரும் உவமை. எதிரெதிர் முகாம்களில் இருப்பவர்கள் ஒரு சொல்லை ஒரே மாதிரி உச்சரிக்கத் தொடங்கினால், அந்தச் சொல்லுக்குள்ளிருந்து எதையோ உருவிவிட்டார்கள் என்று சந்தேகப்படத்தான் வேண்டும்.

உருவப்பட்டது என்ன என்பதைத்தான் இங்கே பேச வேண்டியிருக்கிறது. ஜாஸ் கற்றல் என்பது விதியா சுதந்திரமா என்கிற எதிர்வில் அடங்குவதில்லை. ஒருவர் வாசித்ததைக் கேட்டு, அதற்குத் தன் பங்கில் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்களாய்ப் பிள்ளைகள் ஆவதுதான் அதன் உள்ளடக்கம். பதில் சொல்வதற்கு எதிரே ஆள் வேண்டும். ஆட்கள் சேர்ந்து வாழ ஒரு தெரு வேண்டும். தெருவைக் கலைத்துவிட்டு முறையை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறவர்கள் எடுத்துப் போவது ஜாஸ்தானா?

2

முதலில் சொல் பற்றி. இம்ப்ரொவைசேஷனைத் தமிழில் கொண்டுவரும்போதே சிக்கல் தொடங்கிவிடுகிறது. உடனே நினைவுக்கு வருவது 'மனோதர்மம்'. கர்நாடக இசைச் சொல்லாடலில் வளர்ந்த அந்தச் சொல், படைப்பின் ஊற்றைத் தனியொருவரின் மனசுக்குள் கொண்டுபோய் வைக்கிறது. மேடையில் வயலினும் மிருதங்கமும் பதில் சொல்லிக்கொண்டுதான் இருக்கின்றன. ஆனாலும் சொல் என்னவோ பாடகரின் மனசையே சுட்டுகிறது.

நம் பேச்சுவழக்கில் வேறொரு சொல் உண்டு: இட்டுக்கட்டுதல். ஒப்பாரி வைக்கிற பெண், செத்தவர் யார், வந்து நிற்பவர் யார், யாருக்கு யார் மேல் மனத்தாங்கல் என்றெல்லாம் பார்த்துப் பார்த்து அந்த இடத்திலேயே அடிகளை இட்டுக்கட்டுகிறாள். மெட்டு பழசு, அடி புதுசு. சுற்றி உட்கார்ந்திருக்கிறவர்கள் வாங்கிப் பாடாவிட்டால் அது நிற்காது. அதே சொல்லுக்குப் பொய்யாய்ப் புனைதல் என்றும் அர்த்தம் இருக்கிறது: 'சும்மா இட்டுக்கட்டிப் பேசாதே'. எழுதி வைத்ததற்கே மதிப்புக் கொடுக்கும் ஒரு சமூகம், எழுதாமல் கட்டுகிறவர்களைப் பார்க்கிற பார்வை அந்த இரண்டாவது அர்த்தத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அமெரிக்கக் கறுப்பு இசைக் கலைஞர்கள் மீது சுமத்தப்பட்ட இழிவும் இதுவேதான்: குறிப்பு படிக்கத் தெரியாதவர்கள், தோன்றியதை ஊதுகிறவர்கள். ஆகவே இக்கட்டுரையில் அந்த இழிவின் தழும்போடு இட்டுக்கட்டுதல் என்றே எழுதுகிறேன்.

3

அது வெறும் பொய் என்பதற்குச் சிகாகோ நகரத்தின் தெற்குப் பகுதியே சாட்சி. முதல் உலகப்போர்க் காலம் தொடங்கிப் பல பத்தாண்டுகள், மிசிசிப்பி முதலான தென் மாநிலங்களிலிருந்து கறுப்பின மக்கள் கூட்டங்கூட்டமாய் வடக்கே வந்தார்கள். வந்தவர்களை நகரம் ஒரு குறுகிய பட்டைக்குள் அடைத்தது. கறுப்பர்களுக்கு விற்கமாட்டோம், வாடகைக்கு விடமாட்டோம் என்று வீட்டுப் பத்திரத்திலேயே எழுதிவைக்கும் ஒப்பந்தங்கள் அதற்குக் கருவி. இவற்றை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்று அமெரிக்க உச்சநீதிமன்றம் சொன்னது 1948 இல்தான். இசைக் கலைஞர்களின் தொழிற்சங்கமே இரண்டாகத்தான் இருந்தது. கறுப்பர்களுக்கு 208, வெள்ளையர்களுக்கு 10. இரண்டும் ஒன்றானது 1966 இல்.

இந்தப் பட்டைக்குள் வால்டர் டையட் என்கிற பள்ளிக்கூட வாத்தியார் இருந்தார். ராணுவ பேண்டுக்குத் தலைமை தாங்கியதால் 'கேப்டன்' என்றே அவரைக் கூப்பிட்டார்கள். 1931 முதல் வெண்டல் ஃபிலிப்ஸ் உயர்நிலைப் பள்ளியிலும், பிறகு 1935 இல் திறக்கப்பட்ட டுசேபிள் உயர்நிலைப் பள்ளியிலுமாக ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் இசை சொல்லிக்கொடுத்தார். ஜீன் ஆமன்ஸ், ஜானி கிரிஃபின், வான் ஃப்ரீமன், எடி ஹாரிஸ், டைனா வாஷிங்டன், டோரதி டோனெகன், ரிச்சர்ட் டேவிஸ் என்று அவரிடம் படித்தவர்களின் பட்டியல் நீள்கிறது.

வட்டமாக உட்காரவைத்து 'தோன்றியதை வாசி' என்று சொன்னவரா டையட்? இல்லை. அவர் கண்டிப்புக்குப் பேர்போனவர். நேரத்துக்கு வரவேண்டும், சுரக்குறிப்பு சுத்தமாகப் படிக்கவேண்டும், தப்பினால் வெளியே போகவேண்டும். இன்றைய 'பகிர்தல்' கல்வியாளர்கள் அவர் வகுப்பில் அரைமணி நேரம் உட்காரமாட்டார்கள்.

ஆனால் விளைந்தது என்ன? ஆமன்ஸ், கிரிஃபின், ஃப்ரீமன் மூவரும் ஒரே கருவியை, டெனர் சாக்ஸஃபோனை, எடுத்தவர்கள். ஒரே பள்ளி, ஒரே வாத்தியார். ஆமன்ஸின் ஒலி அகன்றது, ப்ளூஸில் ஊறியது, நிதானமாக நகர்வது. கிரிஃபின் மூச்சுமுட்டும் வேகத்துக்குப் பேர் வாங்கியவர். ஃப்ரீமன் சுரத்தை வளைத்து, சற்றே விலக்கி வைத்து, சொரசொரப்பாக ஊதுவார். மூன்று வினாடியில் மூன்று பேரையும் பிரித்துச் சொல்லிவிடலாம். ஒழுங்கு ஒரேமாதிரியான ஆட்களை உற்பத்தி செய்யும் என்பது நாம் பள்ளிக்கூடங்கள், சிறைச்சாலைகள் பற்றிப் படித்து அறிந்த வாய்பாடு. இங்கே அந்த வாய்பாடு பொருந்தாமல் போகிறதே, ஏன்?

டையட்டின் வகுப்பு ஒரு மூடிய நிறுவனமாக இல்லை என்பதே என் பதில். அந்தப் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் இருந்தது. நாற்பத்தேழாம் தெருவையொட்டி நடன அரங்கங்களும் மதுக்கூடங்களும் இருந்தன. வீட்டில் பியானோ வாசிக்கும் அத்தைகள் இருந்தார்கள். பள்ளியில் ஆண்டுதோறும் பிள்ளைகள் அரங்கேற்றிய 'ஹை ஜிங்க்ஸ்' என்ற ஆட்டபாட்ட நிகழ்ச்சியைப் பார்க்கப் பணம் கொடுத்து ஊரே வந்தது. அந்தக் காசு பள்ளியின் இசைக்கே போனது. வாத்தியாரின் குரல் பல குரல்களில் ஒன்று, அவ்வளவுதான். வகுப்பில் கற்ற ஒழுங்கை ராத்திரி மேடையில் வேறொருவர் சோதிப்பார். மேடையில் கற்ற திமிரை மறுநாள் காலையில் கேப்டன் சோதிப்பார். இந்த இரண்டு சோதனைக்கும் நடுவில்தான் ஒரு பிள்ளையின் தனிக்குரல் உருவாகிறது. கூட்டு அனுபவம் என்பது வகுப்பறைக்குள் வாத்தியார் ஏற்பாடு செய்து தருகிற விளையாட்டு அல்ல, வகுப்பறைக்கு வெளியே ஏற்கெனவே இருந்த வாழ்வு.

இங்கே ஒரு எச்சரிக்கை. இந்தத் தெருவைப் புனிதமாக்க முடியாது. மருத்துவரும் கூலித் தொழிலாளியும் இசைக்காரரும் பக்கத்துப் பக்கத்து வீடுகளில் இருந்தார்கள் என்றால், வேறெங்கும் குடியிருக்க விடவில்லை என்பதுதான் காரணம். நன்கு பயின்ற கறுப்பின இசைக் கலைஞர்கள் பள்ளிக்கூட வாத்தியார்களாய் நின்றதற்கும், சிம்ஃபனி குழுக்களின் கதவு அவர்களுக்குச் சாத்தியிருந்தது ஒரு காரணம். அந்தக் கூட்டு வாழ்வைக் கொண்டாடுவதும் அதை உண்டாக்கிய ஒடுக்குமுறையைக் கொண்டாடுவதும் வேறு வேறு. இந்த வேறுபாட்டை மறந்தால் 'சேரியில்தான் உயிர்ப்பு இருக்கிறது' என்று மேல்தட்டு ரசிகர்கள் உருகுவதைப்போல நாமும் உருகிக்கொண்டிருப்போம்.

4

தெருவில் இருந்த இந்த அறிவு கல்லூரிக்குள் போனபோது என்ன நடந்தது? ஜாஸ் சார்ந்த படிப்புக்கு அமெரிக்காவில் முதன்முதலாகப் பட்டம் ஏற்படுத்தியது டெக்சாஸ் மாநிலத்தின் டென்டன் ஊரில் இருக்கும் வட டெக்சாஸ் கல்லூரி. ஆண்டு 1947. பாடத்தின் பெயர் 'நடன இசைக்குழு'. ஜாஸ் என்ற சொல்லையே உச்சரிக்கவில்லை. அந்தக் கல்லூரி இளநிலைப் படிப்புக்குக் கறுப்பின மாணவர்களைச் சேர்த்துக்கொண்டது 1956 இல். அதாவது ஒன்பது ஆண்டுகள், கறுப்பர்கள் உருவாக்கிய இசைக்குப் பட்டம் இருந்தது, அந்தப் பட்டத்தைப் படிக்கக் கறுப்பர்களுக்கு இடமில்லை. அறிவைப் பிரித்தெடுத்துக்கொண்டு அறிந்தவரை வாசலில் நிறுத்துவது என்பதற்கு இதைவிடத் துல்லியமான உதாரணம் வேண்டாம்.

கல்லூரிக்குத் தேர்வு வேண்டும், தேர்வுக்கு விடைத்தாள் வேண்டும். இட்டுக்கட்டுதலை மதிப்பெண் போடக்கூடிய பொருளாக மாற்ற, இந்த நாண்வரிசைக்கு இந்தச் சுரவரிசை என்று அட்டவணை வந்தது. 1970களின் நடுவில் பாஸ்டனில் மாணவர்கள் திருட்டுத்தனமாக அச்சடித்து விற்ற 'ரியல் புக்' என்னும் பாட்டுத் தொகுப்பு உலகம் முழுக்கப் பரவி, 2004 இல் ஒரு பதிப்பகத்தின் வழியே சட்டபூர்வமானது. அச்சிட்ட பிரதியில் இருந்த பிழையும் சேர்ந்தே மரபானது. காதால் கைமாறியது கண்ணால் கைமாறத் தொடங்கியது.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது 1967 இல் ஜேமி எபர்சோல்ட் தொடங்கிய இசைத்தட்டு வரிசை. தட்டில் பியானோ, பேஸ், டிரம் மூன்றும் துணைக்கு வாசிக்கும். முன்னணிக் கருவியின் இடம் காலியாக இருக்கும். வீட்டில் தட்டை ஓடவிட்டு அந்தக் காலியிடத்தில் மாணவர் வாசித்துப் பழகலாம். சேர்ந்து வாசிக்க ஆளே இல்லாத ஊர்ப் பிள்ளைக்கு இது பெரிய வரம், மறுக்கவில்லை. சார்லி பார்க்கரே லெஸ்டர் யங்கின் தட்டுகளைக் கேட்டுக் கேட்டுக் கற்றவர்தான். ஆனால் பார்க்கர் தட்டிலிருந்து மேடைக்குத் திரும்பிப் போனார். மேடையே இல்லாமல் தட்டு மட்டும் மிச்சமானால்? தட்டிலிருக்கும் டிரம்காரர் நீ என்ன வாசித்தாலும் அதையேதான் வாசிப்பார். நீ தடுமாறினால் நின்று தூக்கிவிடமாட்டார். நீ புதிதாக ஒன்று சொன்னால் திரும்பிப் பார்க்கமாட்டார். அவர் பேசுகிறார், கேட்பதில்லை. நாம் அரசு என்றும் நிறுவனம் என்றும் சொல்லும் எல்லாவற்றின் இலக்கணமும் இதுதானே?

ஹெக்டர் ராட்வைலர் என்ற புனைபெயரில் 1936 இல் அடோர்னோ எழுதிய ஜாஸ் பற்றிய கட்டுரையை இந்த இடத்தில் மறுபடி வாசிக்கலாம். மாறாத சட்டகத்தின் மீது ஒட்டப்படும் அலங்காரமே ஜாஸின் இட்டுக்கட்டுதல், அதன் சுதந்திரம் போலியானது என்பது அவர் வாதத்தின் சாரம். தான் கேட்ட நடன இசையை வைத்து ஒரு மக்கள் கூட்டத்தின் இசையையே தீர்ப்பிட்டது அவருடைய ஐரோப்பிய மையவாதம். சிகாகோவின் தெற்குப் பகுதியில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று அவருக்குத் தெரியாது. ஆனால் தட்டின் முன்னால் தனியாக நின்று அட்டவணைப்படி ஊதும் மாணவரை நினைத்தால், அடோர்னோ வர்ணித்த காட்சி அப்படியே வந்து நிற்கிறது. ஜாஸைப் பற்றிச் சொன்னபோது பிசகிய அவர், ஜாஸ் கல்வி என்ன ஆகும் என்பதைச் சரியாகச் சொல்லிவிட்டார்.

5

'அப்போ மேடைக்கே அனுப்பிவிட்டால் போதும், கூட்டு அனுபவம் கிடைத்துவிடும்' என்று சொல்கிறவர்களுக்கு: மேடை ஒன்றும் தாய்மடி அல்ல. 1930களின் நடுவில் கான்சாஸ் நகரில், பதின்பருவப் பையன் பார்க்கர் மேடையேறித் தடம்புரண்டபோது, டிரம்காரர் ஜோ ஜோன்ஸ் தன் வெண்கலத் தாளத் தட்டைக் கழற்றி அவர் காலடியில் வீசினார் என்பது ஜாஸ் உலகின் தொன்மமாகிவிட்ட சம்பவம். சபை சிரித்தது. பையன் போனான், உழைத்தான், திரும்பி வந்தான்.

2014 இல் வந்த 'விப்லாஷ்' படத்தில் இசை ஆசிரியர் இந்தக் கதையை மாணவரிடம் சொல்கிறார். ஆனால் காலடியில் விழுந்த தட்டு, அவர் வாயில் தலையைக் குறிவைத்துப் பறக்கிறது. அவமானப்படுத்தினால்தான் மேதை பிறப்பான் என்கிற அவருடைய கருத்தியலுக்கு இந்தத் திரிபு தேவைப்படுகிறது. படத்தைச் சற்று விலகி நின்று பாருங்கள். அதில் யாரும் யாரையும் கேட்பதில்லை. எழுதிய குறிப்பைப் பிசகாமல் வேகமாக வாசிக்கும் போட்டி, ஒரே ஒரு அதிகாரி, ரத்தம் வழியும் கை. ஜாஸ் பற்றிய படம் என்கிறார்கள், இட்டுக்கட்டுதலுக்குத்தான் அதில் இடமே இல்லை. டையட்டின் கண்டிப்பையும் இந்த ஆசிரியரின் கொடூரத்தையும் ஒன்றாகக் கட்டிவிட முடியாது. முன்னவர் பிள்ளைகளை ஒரு ஊருக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தியவர். பின்னவருக்கு ஊரே கிடையாது.

தாளத்தட்டு வீசிய கதை மட்டும் ஏன் இவ்வளவு பரவியது என்பதும் கேட்கவேண்டிய கேள்வி. அதே கான்சாஸ் நகர இசையில் வளர்ந்த மேரி லூ வில்லியம்ஸ் என்ற பியானோ கலைஞர், 1940களில் நியூயார்க்கின் ஹார்லெமில் தன் குடியிருப்பைத் திறந்துவைத்திருந்தார். தெலோனியஸ் மங்க், பட் பவல், டாட் டாமரன் ஆகியோர் அங்கே வந்து வாசித்தார்கள், எழுதியதைக் காட்டினார்கள், அவருடைய கருத்தைக் கேட்டார்கள். நவீன ஜாஸின் பள்ளிக்கூடங்களில் ஒன்று ஒரு பெண்ணின் வீட்டு அறை. ஆனால் வரலாற்றெழுத்துக்குச் சண்டைக்களம்தான் பிடிக்கிறது. ஆம்பிளைகள் மோதிக்கொண்ட மேடை பாடமாகிறது, ஒரு பெண் உட்கார்ந்து கேட்டுச் சொன்ன அறை அடிக்குறிப்பாகிறது. பகிர்தல் என்று பேசுகிறவர்கள் யாருடைய அறையில் பகிரப்பட்டது என்பதையும் சேர்த்துப் பேசவேண்டும்.

6

சிகாகோவுக்குத் திரும்புவோம். டையட் ஓய்வுபெற்றுச் சில ஆண்டுகளில், 1965 இல், அதே தெற்குப் பகுதியில் முஹல் ரிச்சர்ட் ஆப்ரம்ஸ், ஜோடி கிறிஸ்டியன், ஸ்டீவ் மெக்கால், ஃபில் கோரன் ஆகியோர் சேர்ந்து படைப்பிசைக் கலைஞர்கள் முன்னேற்றச் சங்கத்தை உருவாக்கினார்கள். உறுப்பினர்கள் தாங்களே உருவாக்கிய இசையை மட்டும் அரங்கேற்றவேண்டும் என்பது நிபந்தனை. நகரத்து ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசமாகச் சொல்லிக்கொடுப்பதும் சங்கத்தின் அறிவிக்கப்பட்ட நோக்கங்களில் ஒன்று. 1967 இல் பள்ளி தொடங்கியது. சனிக்கிழமை வகுப்புகள். வாசிக்கத் தொடங்கும்போதே சொந்தமாக இசையமைக்கவும் பிள்ளைகள் கற்றார்கள். முதலில் பெரியவர்களின் பாட்டை ஒப்பி, இருபது வருஷம் கழித்து உன் பாட்டைப் பாடு என்கிற படிநிலை அங்கே இல்லை.

ஒரு வினோதம். பாஸ்டனில் 1945 இல் தொடங்கி, பின்னால் பெர்க்லி என்று உலகப் புகழ்பெற்ற இசைக் கல்லூரியின் முதல் பெயர் ஷில்லிங்கர் ஹவுஸ். ஜோசப் ஷில்லிங்கர் கணித அடிப்படையில் உருவாக்கிய இசையமைப்பு முறைதான் அதன் அஸ்திவாரம். சிகாகோவில் ஆப்ரம்ஸ் தானாகவே உட்கார்ந்து படித்ததும் அதே ஷில்லிங்கரின் புத்தகங்களைத்தான். ஒரே நூல் ஓரிடத்தில் கட்டணம் வாங்கும் நிறுவனத்துக்கு வித்தாகிறது, இன்னோரிடத்தில் காசில்லாத பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை வகுப்பாகிறது. 'எந்த முறை சிறந்தது' என்று மாய்ந்து மாய்ந்து விவாதிப்பதில் அர்த்தமில்லை. முறை யார் கையில், யாருக்குப் பதில் சொல்லும் கடப்பாட்டோடு இருக்கிறது என்பதே கேள்வி.

இந்தச் சங்கத்தில் 1971 இல் சேர்ந்து, 2008 இல் அதன் வரலாற்றை விரிவான நூலாக எழுதிய டிராம்போன் கலைஞர் ஜார்ஜ் லூயிஸ், 1996 இல் ஒரு கட்டுரையில் இரண்டு மரபுகளைப் பிரித்துக் காட்டினார். ஜான் கேஜ் போன்றோரின் ஐரோப்பிய வழிப் பார்வையில், தன்னியல்பு என்பது நினைவிலிருந்தும் வரலாற்றிலிருந்தும் விடுபடுவது. ஆப்பிரிக்க வழிப் பார்வையிலோ வாசிப்பவரின் ஒலியில் அவருடைய வாழ்வும் அவர் மக்களின் வரலாறும் இருந்தே தீரும். தன் கதையைச் சொல்வதுதான் இட்டுக்கட்டுதல். முதல் பத்தியில் பார்த்த 'தோன்றியதை வாசி' என்கிற கட்டளை எந்த மரபைச் சேர்ந்தது என்று இப்போது தெளிவாகும். எதுவும் எழுதாத வெற்றுப் பலகையாய்ப் பிள்ளையைக் கற்பித்துக்கொண்டு, 'நீ சுதந்திரமானவன்' என்று அறிவிக்கிறோம். யார் வீட்டுப் பிள்ளை, எந்தத் தெருவிலிருந்து வருகிறது, அதன் பாட்டி என்ன பாடினாள் என்று கேட்பதில்லை. வரலாற்றைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு உள்ளே வரச்சொல்வதற்குப் பெயர் சுதந்திரம் என்றால், அந்தச் சுதந்திரம் ஏற்கெனவே செருப்புப் போட்டிருப்பவர்களுக்கு மட்டுமே வசதி.

7

டையட்டின் பெயரில் சிகாகோவின் தெற்குப் பகுதியில் ஒரு உயர்நிலைப் பள்ளி எழுந்தது. 2012 இல் நகரத்தின் கல்வி வாரியம் அதைப் படிப்படியாக மூடிவிட முடிவெடுத்தது. புதிய மாணவர் சேர்க்கை நின்றது. 2015 இல் பள்ளி மூடப்பட்டது. பெற்றோரும் பாட்டிமாரும் செயல்பாட்டாளர்களுமாகப் பன்னிரண்டு பேர் அந்த ஆண்டு ஆகஸ்டில் உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். முப்பத்துநான்கு நாள். அவர்களிடம் வெறும் முழக்கம் இல்லை, ஒரு திட்டமே இருந்தது. உலகத் தலைமைத்துவமும் பசுமைத் தொழில்நுட்பமும் கற்பிக்கும் பள்ளி வேண்டும், அதை நடத்துவதில் ஊர்மக்களுக்குக் குரல் வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். போராட்டத்தின் நடுவிலேயே நிர்வாகம் அறிவித்தது: பள்ளியைத் திறக்கிறோம், கலைப் பள்ளியாக. அவர்கள் அதற்குப் பிறகும் பல நாள் உண்ணாவிரதத்தைத் தொடர்ந்தார்கள். 2016 இல் அது டையட் கலைப் பள்ளியாகத் திறந்தது.

பள்ளி மறுபடி திறந்தது மக்களின் வெற்றி, சந்தேகமில்லை. ஆனால் நடந்த உரையாடலின் வடிவத்தைப் பாருங்கள். ஊர் ஒன்று கேட்டது, நிர்வாகம் வேறொன்றை வாசித்தது. இசை ஆசிரியரின் பெயர் தாங்கிய பள்ளிக்குக் கலை பொருத்தம்தானே என்று வெளியிலிருப்பவர்கள் தலையாட்டலாம். டையட் கற்பித்த அடிப்படைப் பாடமோ எதிராளி வாசித்ததைக் கேட்டபிறகு வாய்திறப்பது. அந்தப் பாடத்தில் தேறியவர்கள் பட்டினி கிடந்த பன்னிரண்டு பேர். தேறாதவர்கள் கையில் கலைப் பள்ளிக்கான கோப்பு இருந்தது.

பிள்ளைகளோடு வேலை செய்கிற நண்பர்கள், குறிப்பாக நாடகப் பட்டறைகளிலும் இரவுப் பள்ளிகளிலும் 'இட்டுக்கட்டு' என்று பிள்ளைகளை உசுப்புகிறவர்கள், இதை விவாதிக்கவேண்டும். பட்டறை மூன்று நாளில் முடிந்துவிடும். நான்காவது நாள் அந்தப் பிள்ளை யாரிடம் பதில் பெறும்? அதன் தெருவில் பள்ளி இருக்கிறதா? வாத்தியார் மாற்றலாகாமல் இருப்பாரா? கூட வாசிக்க ஆள் இருக்கிறார்களா? இந்தக் கேள்விகளை இசைக்கு வெளியே இருப்பவை என்று தள்ளிவைத்துவிட்டு நடத்துகிற வகுப்பு எவ்வளவு வட்டமாக உட்கார்ந்தாலும் தட்டை ஓடவிட்டுப் போவதுதான்.